இந்தி பேசுவோருக்கான ஆங்கில மரபுத்தொடர்கள்

இந்தி பேசுவோருக்கான ஆங்கில மரபுத்தொடர்கள் என்பது, இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கிலம் கற்கும்போது எதிர்கொள்ளும் மரபுத்தொடர்களையும், அவற்றின் பொருளையும், அவற்றுக்கு இணையான இந்தி வழக்குகளையும் பற்றிய பயிற்றுப் பகுதியாகும். சொற்களின் நேர்ப்பொருளைக் கூட்டிப் பார்த்து அறிய முடியாத பொருளைத் தரும் தொடரே மரபுத்தொடர் எனப்படும். ஒரு மொழியின் இலக்கணத்தையும் சொற்களையும் நன்கு கற்றவரும் இதில் இடறுவது உண்டு.

இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மரபுத்தொடர்களை ஒப்பிடும்போது மூன்று நிலைகளைக் காணலாம். சிலவற்றில் பொருளும் உருவகமும் ஒத்திருக்கும். சிலவற்றில் பொருள் ஒத்திருக்க உருவகம் வேறுபடும். வேறு சிலவற்றில் உருவகம் ஒத்திருக்கப் பொருள் வேறுபடும். இவற்றுள் மூன்றாவது வகையே கற்போரை மிகுதியாக ஏமாற்றுவது. அறியாத தொடரைக் கண்டால் மாணவர் அகராதியைத் தேடுவார். அறிந்தது போல் தோன்றும் தொடரைக் கண்டால் தேடமாட்டார்.

இக்கட்டுரையில் ஆங்கில, இந்தித் தொடர்கள் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

சொல்லும் வரையறையும்

இந்தியில் மரபுத்தொடர் "முஹாவரா" எனப்படும். இது அரபு மொழியிலிருந்து வந்த சொல். பழமொழி "லோகோக்தி" அல்லது "கஹாவத்" எனப்படும். லோகோக்தி என்பது உலகம், கூற்று எனப் பொருள்படும் இரு வடமொழிச் சொற்கள் சேர்ந்தது. முஹாவரா ஒரு வாக்கியத்தின் உறுப்பாக நின்று, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வினை மாறும். லோகோக்தி தானே முழுமையான கூற்றாக நிற்கும். இந்தி இலக்கண நூல்கள் இவ்வேறுபாட்டைப் பள்ளி வகுப்பிலேயே கற்பிக்கின்றன. ஆங்கிலத்திலும் இதே வேறுபாடு உள்ளதால், இந்தி மாணவருக்கு மரபுத்தொடர் என்னும் கருத்து புதிதன்று.

பின்னணி

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 52.8 கோடி மக்கள் இந்தியைத் தாய்மொழியாகப் பதிவு செய்துள்ளனர். இவர்களுள் பெருந்தொகையினர் பள்ளியில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்கின்றனர். நடுவண் அரசின் பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் தேர்வின் ஆங்கிலப் பகுதியில் மரபுத்தொடர் வினாக்கள் இடம்பெறுகின்றன. ஆகவே மரபுத்தொடர் அறிவு ஓர் இளைஞரின் வேலைவாய்ப்போடும் தொடர்புடையதாகிறது. தேர்வுக்கெனப் பட்டியல்களை மனப்பாடம் செய்யும் பழக்கமும் இதனால் பரவியுள்ளது.

இத்துறைக்கு உதவும் நூல்கள் பல உள்ளன. பிரித்தானியரான எசு. டபிள்யூ. ஃபாலன் தொகுத்த இந்துஸ்தானிப் பழமொழி அகராதி, அவர் மறைவுக்குப் பின் 1886 இல் வெளிவந்தது. ஆங்கிலத் தொடர்களின் தோற்றத்தைக் கூறும் புரூவரின் அகராதி 1870 இல் வெளியானது. பெல்ஜியத்தில் பிறந்து இராஞ்சியில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி காமில் புல்கே தொகுத்த ஆங்கில–இந்தி அகராதி 1968 இல் வெளிவந்து, இந்தி மாணவரிடையே பெரிதும் பயன்பாட்டில் உள்ளது.

பொருளும் உருவகமும் ஒத்தவை

இவ்வகைத் தொடர்களைக் கற்பது எளிது. மனித அனுபவம் பொதுவாக இருப்பதாலும், கதைகள் நாடு விட்டு நாடு சென்றதாலும், ஒரு மொழி மற்றொன்றிலிருந்து மொழிபெயர்த்துக் கொண்டதாலும் இவ்வொற்றுமை ஏற்பட்டிருக்கலாம்.

* "கிராக்கடைல் டியர்ஸ்" – பொய்யழுகை. இந்தியில் "மகர்மச்ச் கே ஆன்சூ". தமிழில் முதலைக் கண்ணீர்.
* "சௌர் கிரேப்ஸ்" – கிட்டாததை இழித்துரைத்தல். இந்தியில் "அங்கூர் கட்டே ஹைன்", அதாவது திராட்சை புளிக்கிறது. இரண்டும் ஈசாப்பின் நரிக் கதையைச் சார்ந்தவை.
* "ஒயிட் எலிஃபன்ட்" – பயனின்றிப் பெருஞ்செலவு வைக்கும் உடைமை. இந்தியில் "சஃபேத் ஹாதீ". சயாம் மன்னர்கள் தமக்குப் பிடிக்காத அரசவையினருக்கு வெள்ளை யானையைப் பரிசளித்து, அதைப் பேணும் செலவாலேயே அவர்களை நொடிக்கச் செய்தனர் என்னும் கதை இத்தொடரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.
* "டேக் டு ஹார்ட்" – ஒரு சொல்லையோ நிகழ்வையோ எண்ணி மிக வருந்துதல். இந்தியில் "தில் பர் லேனா".

பொருள் ஒத்து உருவகம் வேறுபடுபவை

இவ்வகையே எண்ணிக்கையில் மிகுந்தது. ஒரே கருத்தை ஆங்கிலேயர் ஒரு காட்சியாலும், கங்கைச் சமவெளி மக்கள் வேறொரு காட்சியாலும் கூறுவதை இங்கே காணலாம்.

* "கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்" – ஒரு முயற்சியில் இரு பயன் பெறுதல். இந்தியில் "ஏக் தீர் சே தோ ஷிகார்", அதாவது ஓர் அம்பில் இரு வேட்டை. தமிழர் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பர்.
* "மேக் அ மௌன்டன் அவுட் ஆஃப் அ மோல்ஹில்" – சிறியதைப் பெரிதாக்குதல். ஆங்கிலத்தில் அகழெலி தள்ளிய மண்குவியல் மலையாகிறது. இந்தியில் "ராயீ கா பஹாட் பனானா" என்று கடுகு மலையாகிறது. "தில் கா தாட் பனானா" என்று எள் பனைமரமும் ஆகிறது.
* "அ டிராப் இன் தி ஓஷன்" – தேவைக்குச் சிறிதும் போதாதது. இந்தியில் "ஊன்ட் கே மூன் மேன் ஜீரா", அதாவது ஒட்டகத்தின் வாயில் சீரகம். தமிழில் யானைப் பசிக்குச் சோளப்பொரி.
* "அ பேட் வொர்க்மன் பிளேம்ஸ் ஹிஸ் டூல்ஸ்" – திறமையற்றவன் கருவியைக் குறை கூறுவான். இந்தியில் "நாச் ந ஜானே ஆங்கன் டேடா", அதாவது ஆடத் தெரியாதவருக்கு முற்றம் கோணல். தமிழின் "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது இந்திக்கு மிக நெருங்கியது.
* "மைட் இஸ் ரைட்" – வலியோன் வைத்ததே சட்டம். இந்தியில் "ஜிஸ்கீ லாடீ உஸ்கீ பைன்ஸ்", அதாவது யார் கையில் தடியோ அவருக்கே எருமை. தமிழில் தடி எடுத்தவன் தண்டல்காரன்.
* "காஸ்ட் பேர்ல்ஸ் பிஃபோர் ஸ்வைன்" – அருமை அறியாதவர்முன் அரியதை வைத்தல். மத்தேயு நற்செய்தியிலிருந்து வந்தது. இந்தியில் "பைன்ஸ் கே ஆகே பீன் பஜானா", அதாவது எருமையின் முன் மகுடி ஊதுதல்.
* "ஹேவ் அன் ஆக்ஸ் டு கிரைன்ட்" – உள்நோக்கமும் தன்னலமும் கொண்டிருத்தல். இந்தியில் "அப்னா உல்லூ சீதா கர்னா", அதாவது தன் ஆந்தையை நேராக்கிக் கொள்ளுதல்.

இவ்வகையில் தனியே குறிப்பிடத்தக்கது "கேரி கோல்ஸ் டு நியூகாசில்" என்பதாகும். வடகிழக்கு இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில் நகரிலிருந்து பல நூற்றாண்டுகளாக நிலக்கரி கப்பலேறி வந்தது. அவ்வூருக்கே நிலக்கரி கொண்டுசெல்வது வீண் வேலை. இதற்கு இணையாக இந்தியில் "உல்டே பான்ஸ் பரேலீ கோ" என்பர். மூங்கில் வணிகத்துக்கும் மூங்கில், பிரம்புப் பொருட்களுக்கும் பெயர்பெற்ற பரேலி நகருக்கே மூங்கிலைத் திருப்பி அனுப்புதல் என்பது இதன் பொருள். பரேலி இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ளது. இரு தொடர்களும் ஓர் ஊரின் வணிகத்தை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், ஒன்றை அறிந்தவருக்கு மற்றொன்று உடனே விளங்கும். நியூகாசில் எங்குள்ளது, அங்கு என்ன கிடைத்தது என்று அறியாத மாணவருக்கோ அது வெறும் ஊர்ப்பெயராகவே நிற்கும்.

உருவகம் ஒத்துப் பொருள் வேறுபடுபவை

இரு மொழிகளிலும் ஒரே உடலுறுப்போ, விலங்கோ, செயலோ இடம்பெற்றும் பொருள் வேறாக இருப்பவை இவை. தாய்மொழி வழக்கை அப்படியே ஆங்கிலத்தின்மேல் ஏற்றும்போது தவறு நேர்கிறது. அத்தவறு இலக்கணப் பிழையாக வெளிப்படாது. வாக்கியம் சரியாகவே இருக்கும். கேட்பவர் கொள்ளும் பொருள்தான் வேறாக இருக்கும்.

கை கழுவுதல்: ஆங்கிலத்தில் "வாஷ் ஒன்ஸ் ஹேன்ட்ஸ் ஆஃப்" என்றால் ஒன்றன் பொறுப்பைத் தானாகவே விட்டு விலகுதல். இயேசுவின் தண்டனையில் தனக்குப் பங்கில்லை எனக் காட்ட உரோமை ஆளுநர் பிலாத்து கைகழுவிய நிகழ்ச்சி மத்தேயு நற்செய்தியில் உள்ளது. இந்தியில் "ஹாத் தோ பைட்னா" என்றால் ஒன்றை இழந்துவிடுதல். ஒருவர் வேலையைக் "கைகழுவினார்" என்று ஆங்கிலத்தில் கேட்கும் இந்தி மாணவர், அவர் வேலை பறிபோயிற்று என எண்ணக்கூடும். அவர் தாமே அதை வேண்டாம் என விலகினார் என்பதே ஆங்கிலப் பொருள். மேலும், "ஹாத் தோகர் பீச்சே பட்னா" என்னும் மற்றோர் இந்தித் தொடர், விடாமல் துரத்துதல் என்னும் நேர்மாறான பொருளைத் தருகிறது. தமிழின் கைகழுவுதல் ஆங்கிலப் பொருளோடு ஒத்துப்போகிறது.

மூக்கு அறுபடுதல்: இந்தியில் "நாக் கட்னா" என்றால் மானம் போதல். தமிழின் மூக்கறுபடுதலும் இதுவே. ஆங்கிலத்தில் "கட் ஆஃப் ஒன்ஸ் நோஸ் டு ஸ்பைட் ஒன்ஸ் ஃபேஸ்" என்றால் சினத்தால் பிறரைப் பழிவாங்க முயன்று தனக்கே கேடு செய்துகொள்ளுதல். இந்தித் தொடருக்குரிய உண்மையான ஆங்கில இணை "லூஸ் ஃபேஸ்" என்பதாகும். அதுவும் சீன மொழி வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததே.

வயிற்றில் உயிரினங்கள்: "பேட் மேன் சூஹே கூத்னா", அதாவது வயிற்றில் எலிகள் குதித்தல், இந்தியில் கடும் பசியைக் குறிக்கும். ஆங்கிலத்தில் வயிற்றில் பறக்கும் பட்டாம்பூச்சிகள் பதற்றத்தைக் குறிக்கும். தேர்வுக்குச் செல்லும் மாணவருக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி என்றால் அவருக்கு உணவு தேவை என்று பொருளன்று.

பல் கூசுதல்: புளித்ததைத் தின்றால் பல் கூசும் என்னும் உணர்விலிருந்தே இரு மொழிகளிலும் தொடர் பிறந்துள்ளது. ஆங்கிலத்தில் "செட் ஒன்ஸ் டீத் ஆன் எட்ஜ்" என்பது எரிச்சலூட்டுதல். காதுக்கு இனிக்காத ஒலியைப் பற்றி மிகுதியாகக் கூறப்படும். இந்தியில் "தான்த் கட்டே கர்னா" என்பது எதிரியை முற்றாகத் தோற்கடித்தல்.

துரும்பு: நீரில் மூழ்குபவன் துரும்பைப் பற்றுவது இரு மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தில் "கிளட்ச் அட் ஸ்ட்ராஸ்" என்றால் பயன் தராது என்று தெரிந்தும் எதையேனும் பற்றிக்கொள்ளும் நம்பிக்கையிழந்த நிலை. இந்தியின் "டூப்தே கோ தின்கே கா சஹாரா" என்பது, இடுக்கணில் இருப்பவருக்குச் சிறு உதவியும் பெரிய துணை என்னும் ஆறுதல் குறிப்புடையது. உதவி செய்தவருக்கு நன்றி கூற எண்ணி ஆங்கிலத் தொடரைக் கையாளும் மாணவர், அவ்வுதவி பயனற்றது என்று கூறியவராகிவிடுவார்.

ஆந்தை: இந்தியில் "உல்லூ" என்பது மூடனைக் குறிக்கும். "உல்லூ பனானா" என்றால் ஏமாற்றுதல். ஆங்கிலத்தில் ஆந்தை அறிவின் சின்னம். கிரேக்கரின் அறிவுக் கடவுளான அத்தீனாவோடு தொடர்புடையது. ஒருவரை ஆந்தை போன்றவர் என ஆங்கிலேயர் கூறுவது பெரும்பாலும் வசையாகாது.

நிலவு: "ஒன்ஸ் இன் அ புளூ மூன்" என்பது மிக அரிதாக நிகழ்வதைக் குறிக்கும். இந்தியின் "ஈத் கா சான்த் ஹோனா", அதாவது ஈத் பிறையாதல், நெடுநாளாகக் கண்ணில் படாத ஆளைக் குறிக்கும். இரண்டிலும் நிலவு உண்டு. அரிது என்னும் கருத்தும் உண்டு. எனினும் ஆங்கிலத் தொடரை ஒரு மனிதருக்குப் பெயர் போலச் சூட்ட இயலாது.

வரலாறு அறிந்தால் விளங்குபவை

சில ஆங்கிலத் தொடர்கள் ஒரு நிகழ்ச்சியையோ தொழிலையோ அறிந்தால் மட்டுமே தெளிவாகும்.

"கிராஸ் த ரூபிகான்" என்பது மீள முடியாத முடிவை எடுத்தலைக் குறிக்கும். கி.மு. 49 இல் யூலியசு சீசர் தன் படையுடன் ரூபிகான் ஆற்றைக் கடந்தது உள்நாட்டுப் போரின் தொடக்கமாயிற்று. "டர்ன் அ பிளைன்ட் ஐ" என்பது கண்டும் காணாமல் இருத்தல். 1801 இல் கோபனேகன் கடற்போரில், பின்வாங்குமாறு வந்த கொடிச் சைகையைக் காணாதிருக்கத் தொலைநோக்கியைத் தம் பார்வையற்ற கண்ணில் வைத்தார் நெல்சன் என்னும் கதையோடு இது இணைத்துக் கூறப்படுகிறது.

"ஆப்பிள் ஆஃப் ஒன்ஸ் ஐ" என்பது மிக அன்புக்குரியவரைக் குறிக்கும். பழைய ஆங்கிலத்தில் கண்ணின் பாவையே ஆப்பிள் எனப்பட்டது. 1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பிலும் இத்தொடர் உள்ளது. இதை அறியாதவருக்குக் கண்ணுக்கும் பழத்துக்கும் உள்ள தொடர்பு புதிராகவே இருக்கும். இந்தியில் "ஆங்கோன் கா தாரா" என்பர். தாரா என்பது விண்மீன். தமிழின் கண்மணி என்னும் சொல் பாவையையே குறிப்பதால் ஆங்கிலத்துக்கு இன்னும் நெருங்கியது.

தீவு நாடான இங்கிலாந்தின் வழக்குகளில் கப்பல் தொழில் மிகுதியாக இடம்பெறுகிறது. "லேர்ன் த ரோப்ஸ்", அதாவது கயிறுகளைக் கற்றல், ஒரு வேலையின் நுணுக்கங்களை அறிதலைக் குறிக்கும். "ஷோ ஒன்ஸ் டுரூ கலர்ஸ்" என்பது உண்மை இயல்பைக் காட்டுதல். இங்குக் கலர்ஸ் என்பது கப்பலின் கொடி. கடற்கரை இல்லாத இந்தி மாநிலங்களின் மாணவருக்கு இவை அயலானவை. ஆனால் கிரிக்கெட்டிலிருந்து வந்த "ஸ்டிக்கி விக்கெட்", "போல்ட் ஓவர்", "ஹிட் ஃபார் சிக்ஸ்" போன்றவற்றை அவர்கள் எளிதில் பற்றிக்கொள்கின்றனர்.

எல்லாத் தொடர்களுக்கும் உறுதியான தோற்றக் கதை கிடையாது. இறத்தலைக் குறிக்கும் "கிக் த பக்கெட்" 1785 இல் பிரான்சிசு குரோசின் கொச்சைமொழி அகராதியில் காணப்படுகிறது. அதன் தோற்றத்துக்குப் பல விளக்கங்கள் கூறப்படினும் எதுவும் முடிவானதன்று.

இலக்கணச் சிக்கல்கள்

* சுட்டிடைச்சொல்: இந்தியில் "த", "அ" என்பவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை. "கிக் த பக்கெட்" என்பதில் "த" மாறி "அ" ஆனால், வாளியை உதைத்தல் என்னும் நேர்ப்பொருளே எஞ்சும். "அவுட் ஆஃப் த குவெஸ்சன்" என்றால் இயலாதது. இடையில் உள்ள "த" நீங்கினால், ஐயமற்றது என்னும் பழைய வழக்காகிவிடும்.
* முன்னிடைச்சொல்: இந்தியில் வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின் வரும். ஆங்கிலத்தில் அவ்விடைச்சொற்கள் பெயருக்கு முன் வந்து பொருளையே மாற்றும். "டேக் ஹார்ட்" என்றால் துணிவு கொள்ளுதல். இடையில் "டு" சேர்ந்து "டேக் டு ஹார்ட்" ஆனால் மனம் வருந்துதல்.
* உடைமைச் சொல்: அகராதிகளில் "ஒன்ஸ்" என்று தரப்படுவதை வாக்கியத்தில் எழுவாய்க்கு ஏற்ப "மை", "ஹிஸ்", "ஹெர்" என மாற்ற வேண்டும். இந்தியில் "அப்னா" என்னும் ஒரே சொல் நான், நீ, அவர் என எல்லா இடத்துக்கும் பொருந்துவதால் இங்குப் பிழை நேர்கிறது.
* சொல் மாறாமை: தொடரில் ஒரு சொல்லை அதன் ஒருபொருட் சொல்லால் மாற்ற இயலாது. இது இந்தி மாணவர் தம் மொழியிலேயே அறிந்ததுதான். "நௌ தோ க்யாரஹ் ஹோனா", அதாவது ஒன்பதும் இரண்டும் பதினொன்றாதல், ஓடிப்போதலைக் குறிக்கும். கூட்டுத்தொகை அதுவே என்று "தஸ் ஏக் க்யாரஹ்" எனப் பத்தையும் ஒன்றையும் கூட்டினால் யாருக்கும் விளங்காது. "ஏக் ஔர் ஏக் க்யாரஹ்", அதாவது ஒன்றும் ஒன்றும் பதினொன்று, என்பதோ ஒற்றுமையின் வலிமையைக் குறிக்கும் வேறொரு தொடர்.

மொழிகளுக்கிடையே கொடுக்கல் வாங்கல்

இந்தியிலிருந்தும் ஆங்கிலத்துக்குச் சில வழக்குகள் சென்றுள்ளன. பிரித்தானியப் படைவீரர் வழியாகப் பரவிய "ஹேவ் அ டெக்கோ" என்றால் ஒருமுறை பார்த்தல். இந்தியின் "தேகோ" என்னும் ஏவலிலிருந்து பிறந்தது. மனம் பேதலித்தலைக் குறிக்கும் "டூலாலி" என்பது மகாராட்டிரத்தின் தேவ்லாலியில் இருந்த படைமுகாமின் பெயரிலிருந்து வந்தது. செல்வாக்கு உடையவரைக் குறிக்கும் "பிக் சீஸ்" என்பதில் உள்ள சொல், பாலாடைக் கட்டியை அன்றி, பொருள் எனப்படும் "சீஸ்" என்னும் பாரசீக, இந்திச் சொல்லையே மூலமாகக் கொண்டது எனக் கருதப்படுகிறது.

ஆங்கிலத்திலிருந்து இந்தி செய்தித்தாள்களுக்கு வந்தவை இன்னும் மிகுதி. "ஷீத் யுத்த்" என்னும் பனிப்போர் அவற்றுள் ஒன்று. "பால் இஸ் இன் யுவர் கோர்ட்" என்பதை இந்தியில் "கேன்த் ஆப்கே பாலே மேன் ஹை" என்பர். பாலா என்பது கபடி ஆட்டத்தில் ஓர் அணிக்குரிய பகுதி. பந்தே இல்லாத ஆட்டத்தின் களத்தில் டென்னிசுப் பந்து வந்து விழுந்துள்ளது எனலாம். அயல்மொழித் தொடர் தன் மண்ணுக்கேற்ப மாறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கற்கும் முறை

மரபுத்தொடரையும் பொருளையும் இரு நிரல்களாக எழுதி மனப்பாடம் செய்வது தேர்வுக்கு ஓரளவு உதவும். ஆயினும் நேருக்கு நேராக இந்தித் தொடரைத் தரும் பட்டியல், பொருள் எங்கே பிரிகிறது என்பதைக் காட்டாது. பின்வரும் வழிகள் பயனுள்ளவை.

* ஒவ்வொரு தொடரையும் முழு வாக்கியத்தில் கற்றல்.
* இந்தியில் அதே உருவகம் உள்ளதா எனப் பார்த்தல்; இருந்தால் பொருளும் அதுதானா எனத் தனியே உறுதி செய்தல்.
* தொடர் பாராட்டா, ஏளனமா, நடுநிலையா எனக் குறித்துக்கொள்ளுதல்.
* இடம் அறிதல். "கிக் த பக்கெட்" கொச்சையான வழக்கு. துக்க வீட்டிலோ இரங்கல் கடிதத்திலோ அதைக் கையாளுதல் இறந்தவரை அவமதிப்பதாகும்.
* காலம் அறிதல். பெருமழையைக் குறிக்கும் "ரெயின் கேட்ஸ் அன்ட் டாக்ஸ்" ஜோனதன் சுவிஃப்டின் 1738 ஆம் ஆண்டு நூலில் உள்ளது. பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் இத்தொடர் இன்றைய இயல்பான பேச்சில் குறைந்துள்ளது. இதற்கு இந்தியில் உலக்கை போன்ற தாரையாகப் பெய்யும் "மூசலாதார்" மழை என்பர்.

கேட்டால் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அறிதல் முதற்படி. தானே கையாளுதல் அடுத்த படி. பொருளில் உறுதி இல்லாத இடத்தில் எளிய நேர்ச்சொல்லைப் பயன்படுத்துவதே தகும்.

இவற்றையும் பார்க்க

* மரபுத்தொடர்
* பழமொழி
* இந்தி மொழி
* இந்திய ஆங்கிலம்
* மொழிபெயர்ப்பு